அருவா ஏரியின் நடுப்புள்ளி

ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களின் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்று என் கடையில் நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். அதை ஒருநாளும் மதித்ததில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே கடை வைத்துக்கொண்டு ஊரார் மனுவைப் படிக்காமல் இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஜெராக்ஸ் என் தொழில் இல்லை. அது ஆட்களைக் கடைக்குள் வரவைப்பதற்கு. ரூபீனா என்று இந்தப் பக்கத்து அலுவலகங்களில் கேட்டால், "அந்த மேப்பு மாத்துற அம்மாவா?" என்பார்கள். ஏரி, சாலை, வயல், தெருவிளக்கு என்று எல்லாவற்றையும் கணினியில் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படக் கோப்பைத் திறக்க அதற்கென்று ஒரு மென்பொருள் வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு எக்செல் தெரியும். அதற்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்கிற உத்தேசமும் கிடையாது. அவர்களுக்காக நான் படத்தை அட்டவணையாக்கித் தருவேன். ஒரு ஏரிக்கு ஒரு வரி. எண், பெயர், பரப்பு, அட்சரேகை, தீர்க்கரேகை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கமா. அவ்வளவுதான் கோப்பு. எந்தக் கணினியிலும் திறக்கும், செல்போனில்கூடத் திறக்கும்.

சென்னையில் ஒரு மேப்பிங் கம்பெனியில் ஆறு வருஷம் இதையே செய்தேன். கல்யாணமாகி ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தக் கடை. இந்த ஜில்லாவில் என்னைவிடச் சுத்தமாக இதைச் செய்ய ஆள் இல்லை என்று நான் சொல்வேன். மற்றவர்களும் சொல்வார்கள், நான் சொன்ன பிறகு. கடையின் பெயர் சிட்டி டிஜிட்டல்ஸ். பலகையில் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: "படம் அட்டவணையாக்கித் தரப்படும். ஒரு புள்ளிகூட மாறாது."

அந்த வரி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அன்று திங்கட்கிழமை, மனு நாள். கடையில் நிற்க இடமில்லை. மாற்றுத்திறனாளி அட்டை, முதியோர் உதவி, குடிநீர், பாதைத் தகராறு என்று கையில் காகிதம் இல்லாத ஆளே கிடையாது. அந்தக் கூட்டத்தைத் தோளால் தள்ளிக்கொண்டு தனம் அக்கா உள்ளே வந்தார். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைச் சுற்றி இருக்கிற விடுதிகளுக்கெல்லாம் பெட்ஷீட் துவைத்துக் கொடுப்பவர். வெளிநாட்டுக்காரர்கள் ஆறு மாதம் தங்கினாலும் சரி, ஆந்திராவிலிருந்து வந்து ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போனாலும் சரி, அவர்கள் படுத்த விரிப்பு அக்காவின் கைக்குத்தான் வரும். கணவர் போன பிறகு ஒரு மிஷினில் ஆரம்பித்து இப்போது மூன்று மிஷின் ஓடுகிறது.

"ரூபி, இத ரெண்டு காப்பி போடு. சீக்கிரம். வண்டிய கேட்டுக்கு நேரா உட்டுட்டு வந்துட்டேன், போலீசுகாரன் கத்தறான்" என்றார்.

வாங்கிக் கண்ணாடியில் வைப்பதற்குள் படித்துவிட்டேன். ஏரி ஆக்கிரமிப்பு நோட்டீஸ். அருவா ஏரி என்னும் நீர்நிலையின் நடுப்பகுதியில் தங்கள் கட்டடம் அமைந்திருப்பது கணக்கெடுப்பில் தெரிய வருகிறது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரில் ஆஜராகி ஆட்சேபணை தெரிவிக்கலாம். ஆட்சேபணை ஏற்கப்படாவிட்டால் கட்டடம் அகற்றப்படும்.

"இன்னாக்கா, ஏரி நடுவுலயா வீடு கட்டின? படகுலயா போய் வர்ற?" என்றேன். கிண்டல் செய்தால் அக்கா வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறவர். அன்று கொடுக்கவில்லை.

"நீ வேற வயித்தெரிச்சலக் கொட்டிக்காத" என்றார். "பதினெட்டு வருசமா கீற வீடு. பட்டா கீது. எங்க மேட்டுக்கு இந்தாண்டயும் ஏரி, அந்தாண்டயும் ஏரி. அருவா கணக்கா வளைஞ்சு போவுது, அதனாலதான் அந்தப் பேரு. நாங்க வளைவுக்கு உள்பக்கம் மேட்டுல கீறோம். அந்தப் பெரிய மழை வருசம்கூட தண்ணி வாசப்படியத் தொடல. நடுவுலன்னு எந்தப் புண்ணியவான் எழுதினானோ தெரியல."

"வீட்டுக்கு யாராவது அளக்க வந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரல. நேரா நோட்டீசுதான் வந்துச்சு. வூடு போனா மிஷின எங்க போடுவேன், துணிய எங்க காய வைப்பேன்? இடம் பார்த்துக் கட்டறதுக்கு எனக்கு இன்னொரு ஜென்மம் வேணும் ரூபி." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழவில்லை என்பதுபோலக் கூட்டத்தைப் பார்த்து முறைத்தார்.

இரண்டாவது பிரதி வெளியே வந்தது. அப்போதுதான் காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் பார்த்தேன். ஆதாரக் கோப்பு: ஏரிகள், இறுதி, ரூபீனா. வரிசை எண் 417.

நான் செய்கிற ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் கடைசியில் என் பெயரைச் சேர்ப்பது வழக்கம். யாரும் கேட்டதில்லை. எனக்கே பிடித்துச் செய்வது. ஓவியர் படத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போடுவதில்லையா, அப்படி. அந்தப் பெயர் ஒருநாள் நோட்டீசின் அடியில் ஏறி என் கடைக்கே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

"அக்கா, வண்டிய ஓரமா உட்டுட்டு வா. கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன். ஜெராக்சுக்கு நின்றவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

அந்த வேலை மார்ச் மாதம் வந்தது. சென்னையில் செழியன் என்று ஒருவர் சின்னதாக ஒரு கன்சல்டன்சி நடத்துகிறார். ஏரிக் கணக்கெடுப்பு வேலையை அவர் எடுத்திருந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு ஏரிகளின் படத்தை எனக்கு அனுப்பி, ஒரு ஏரிக்கு ஒரு வரியாக அட்டவணை கேட்டார். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. நான் அரை மணி நேரத்தில் முடித்து அனுப்பினேன். அதிலும் கணினி செய்த வேலை நான்கு விநாடி. மீதி நேரம் டீ குடித்தேன்.

இப்போது பழைய படத்தைத் திறந்து, அதன்மேல் என் அட்டவணையின் புள்ளிகளைத் தூவினேன். அடியில் செயற்கைக்கோள் எடுத்த புகைப்படம். 417க்குப் போனேன். நீல நிறத்தில் அருவா ஏரி அச்சு அசலாக ஒரு அரிவாள் போலப் படுத்திருந்தது. என் சிவப்புப் புள்ளி ஏரியில் இல்லை. வளைவுக்கு உள்ளே இருந்த மேட்டில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மாடி முழுக்க வரிசை வரிசையாக வெள்ளைக் கோடுகள். எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. காய்கிற பெட்ஷீட்டுகள்.

நடந்தது இதுதான். படத்தில் அந்த ஏரிக்கு இருநூற்றுச் சொச்சம் முனைகள். அத்தனையையும் சேர்த்தால்தான் அது அரிவாள். அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு இடம்தான் உண்டு. எனவே எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: எல்லா ஏரிகளையும் தேர்ந்தெடுத்து நடுப்புள்ளி எடுக்கச் சொன்னேன். வட்டமான ஏரி என்றால் நடுப்புள்ளி தண்ணீரில் விழும். அரிவாளுக்கு நடு எங்கே? இரும்பில் இல்லை. வளைவுக்கு உள்ளே, வெறும் இடத்தில். அந்த வெறும் இடத்தில் தனம் அக்கா பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறார்.

ஏரியின் பெயரிலேயே அதன் வடிவம் இருந்தது. அந்தப் பெயரை நானே அட்டவணையில் ஏற்றினேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்தேன். எனக்கு உறைக்கவில்லை. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன் என்கிற திமிர்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

தனம் அக்கா திரும்பி வந்து என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்க வூடு இல்ல?" என்றார்.

"ஆமாக்கா. அந்தச் செவப்புப் புள்ளிதான் ஏரியோட நடுன்னு நோட்டீசு சொல்லுது." விரலைத் திரையில் வைத்தேன். "அந்தப் புள்ளிய வச்சது நான்தான்."

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 

"எங்க வூட்டத் தூக்கி ஏரில போட்டது நீயா? என் பட்டா காப்பிய நீதானடி போட்டுக் குடுத்த? என் ரேசன் கார்டு, என் பொண்ணு சர்டிபிகேட்டு, எல்லாம் உன் கை வழியாப் போனதுதானே? வெளிய பலகைல இன்னா எழுதி வச்சிருக்க, போய்ப் படி. ஒரு புள்ளிகூட மாறாதாம்."

காது சுட்டது. "தப்பு என்னுதுக்கா. நானே வந்து சொல்றேன். புதன்கிழமைக்குள்ள சரி பண்றேன்" என்றேன்.

"சரி பண்ணிடுவியா?"

"பண்ணிடுவேன்." அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தேகமே இல்லை. கோளாறு எங்கே என்று கண்ணால் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் எனக்கு பயம் கிடையாது. என்னிடம் உள்ள ஒரே நல்ல குணம் அது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அக்கா போனதும் செழியனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை.

"மேடம், நாங்க ஒரு ஏரிக்கு ஒரு பாயிண்ட் கேட்டோம். நீங்க குடுத்தீங்க. அந்தப் பாயிண்ட்லேர்ந்து முப்பது மீட்டருக்குள்ள இருக்கற வீட்டையெல்லாம் எங்க சாஃப்ட்வேர் எடுத்துச்சு. ஏரிக்கு நட்ட நடுவுல வீடு இருந்தா அது ஆக்கிரமிப்பு தானே? மொதல் லிஸ்ட்டுக்கு அது போதும்னு குடுத்துட்டோம்."

அவர் சொன்னதில் தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. நடு என்று நான் கொடுத்ததை அவர் நடு என்று நம்பினார். "இத எங்க சொல்லணுமோ அங்க சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதீங்க. ஃபைல்ல தப்புன்னு எழுத்துல எதையும் குடுத்துடாதீங்க. அந்தம்மா ஆட்சேபணை குடுக்கட்டும், அவங்க பாத்துப்பாங்க. இன்னும் மூணு ஜில்லா ஏரி வருது. உங்களுக்குன்னுதான் வச்சிருக்கேன்."

"அவங்க பாக்கலைன்னா?"

"மேடம், எல்லா வீட்டுக்கும் நாம கவலைப்பட முடியுமா?"

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "அந்த வீட்டுக்கு நான்தான் கவலைப்படணும். அது என் ஃபைல்ல இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்ததும் ஜெராக்ஸ் மிஷின்மேல் துணியைப் போட்டு மூடினேன். முதலில் ஒரு கேள்வி கேட்டேன்: அறுநூற்றுப் பன்னிரண்டு ஏரிகளில் எந்தெந்த ஏரியின் நடுப்புள்ளி அதே ஏரியின் எல்லைக்கு வெளியே விழுந்திருக்கிறது? மார்ச்சிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விடை வந்தது: இருபத்து மூன்று. கரை வளைந்த ஏரிகள், நடுவில் திட்டு உள்ள ஏரிகள், மலையை ஒட்டிக் குறுகி ஓடுகிறவை. பெரும்பாலான புள்ளிகள் கொல்லையிலும் முட்புதரிலும் விழுந்திருந்தன, அதனால் யாருக்கும் கேடில்லை. ஆனால் நான்கு இடங்களில் கூரைமேல் விழுந்திருந்தன. அவற்றைச் சுற்றி முப்பது மீட்டருக்குள் பார்த்தால் ஆறு வீடுகள். தனம் அக்காவைப் போல இன்னும் ஐந்து பேர் கையில் அந்த நோட்டீஸ் இருக்கும், அவர்களுக்கு என் கடை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்த எண்ணம் என்னைக் கடித்தது.

அப்புறம் வேலையைத் தொடங்கினேன். இந்த முறை இரண்டு அட்டவணை. முதல் அட்டவணையில் முன்போலவே ஒரு ஏரிக்கு ஒரு வரி, ஆனால் புள்ளி ஏரிக்கு உள்ளேதான் விழ வேண்டும் என்று கட்டளை. அதற்கும் ஒரு வழி உண்டு, மென்பொருளின் கட்டளைப் பட்டியலில் நடுப்புள்ளிக்கு அடுத்த வரியிலேயே இருக்கும். நான் மார்ச்சில் அந்த வரி வரை படிக்கவில்லை. இரண்டாவது அட்டவணையில் ஏரியின் எல்லையையே எழுத்தாக்கினேன். ஒரு முனைக்கு ஒரு வரி: ஏரி எண், முனை எண், அட்சரேகை, தீர்க்கரேகை. அருவா ஏரிக்கு மட்டும் இருநூற்றுப் பதினான்கு வரி. வரிசை எண்படி கோட்டை இழுத்துக்கொண்டே போனால் அரிவாள் திரும்ப வந்துவிடும். எக்செல் தவிர ஒன்றும் தெரியாதவர்கூடப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வரிக்குள் அடங்காததை நான் ஒரு வரிக்குள் திணித்ததுதான் தப்பு. வரிகளைக் கூட்டிவிட்டால் படம் எங்கும் போய்விடாது.

ஒவ்வொரு ஏரியையும் அட்டவணையிலிருந்து மறுபடி படமாக்கிப் பழையதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு விலகவில்லை. மாலை ஐந்தரைக்கு எழுந்து முதுகை நிமிர்த்தியபோது, மார்ச்சில் நான்கு விநாடியில் செய்ததை ஒரு நாள் முழுக்கச் செய்து முடித்திருந்தேன்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்தேன். ஏரிகள், திருத்தம். அதோடு விட்டுவிடலாம். அப்புறம் என் பெயரையும் அடித்தேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு நானும் தனம் அக்காவும் விசாரணை அறையில் இருந்தோம். அக்கா பட்டாவைப் பாலித்தீன் பையில் போட்டு மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். என் மடியில் லேப்டாப். விசாரணை அதிகாரி புகழேந்தி ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் விபூதி, மேசைமேல் ஒரு காகிதம்கூடக் கோணலாக இல்லை. கறாரான ஆள் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன்.

அவர் அக்காவின் பட்டாவைப் புரட்டிப் பார்த்தார். "பட்டா இருக்கும்மா. ஆனா ஏரி எல்லையெல்லாம் பழைய காலத்துல சரியா அளக்கல. இப்போ சேட்டிலைட்டு வச்சு எடுத்துருக்காங்க. ஏரிக்கு நடுவுல வருதே? ஓரத்துல வந்தா சந்தேகம்னு சொல்லலாம், நடுவுல வந்தா இன்னா சொல்றது?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க யாரு? இவங்க பொண்ணா?"

"இல்ல சார். நீங்க வச்சிருக்கற அந்த அட்டவணையச் செஞ்சது நான்தான். அதுல தப்பு இருக்கு. ஏரிக்குள்ள விழ வேண்டிய புள்ளி வெளிய விழுந்துடுச்சு" என்றேன். திருத்திய கோப்பைத் திறந்து காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மார்ச்ல ஒண்ணு குடுத்தீங்க. இப்போ ஒண்ணு குடுக்கறீங்க. ரெண்டுமே உங்க கம்ப்யூட்டருல செஞ்சது. இன்னிக்கு இந்தம்மா கூட வந்திருக்கீங்க. இதுல எது சரின்னு நான் எப்படி நம்பறது? கம்ப்யூட்டரு கணக்குப் போட்டா தப்பாப் போடுமா?"

நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். நடுப்புள்ளி, எல்லை, முனை என்று விளக்க ஆரம்பித்தேன். ஒரு நிமிஷத்தில் அவர் பார்வை கடிகாரத்துக்குப் போனது. வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். தனம் அக்கா என் கையை மேசைக்கு அடியில் பிடித்தார்.

அவர் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தேன். சட்டென்று கேட்டேன்: "சார், நீங்க பௌர்ணமிக்கு கிரிவலம் போவீங்களா?"

"மாசா மாசம். பதினோரு வருசமா ஒரு பௌர்ணமி விட்டதில்ல. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ரெண்டு நிமிசம் குடுங்க சார். கம்ப்யூட்டரு தப்பாப் போடாது. அதையே காட்டறேன்."

கிரிவலப் பாதையின் படம் என்னிடம் இருந்தது. போன கார்த்திகை தீபத்துக்குக் குடிநீர்க் குழாய் வைக்க யாரோ கேட்டுச் செய்தது. அதைத் திரையில் திறந்தேன். மலையைச் சுற்றி மஞ்சள் கோடு ஒரு வளையமாக வந்தது. கோயில், செங்கம் ரோடு, ஆசிரமம், அடி அண்ணாமலை என்று அவர் விரலாலேயே தொட்டுக்கொண்டு போனார். வழி அவருக்கு மனப்பாடம்.

"இது நீங்க நடக்கற பாதை தான சார்?"

"ஆமா. பதினாலு கிலோமீட்டர்."

"இப்போ இத மார்ச்ல ஏரிக்குப் பண்ண மாதிரியே ஒரே வரியா மாத்தறேன். நீங்களே அழுத்துங்க." மவுசை அவர் பக்கம் நகர்த்தினேன். நடுப்புள்ளி என்பதைக் காட்டினேன். அவர் அழுத்தினார். ஒரு வரி வந்தது: கிரிவலப் பாதை, ஒரு அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. "கணக்கு சரிதான் சார், ஒரு தசமம்கூடத் தப்பில்ல. இப்போ இந்தப் புள்ளி எங்க இருக்குன்னு பாருங்க."

சிவப்புப் புள்ளியைப் படத்தின்மேல் வைத்தேன். பாதையில் இல்லை. வளையத்துக்கு உள்ளே, மலைமேல் பாறைக்கு நடுவே தனியாக நின்றது.

"இந்த அட்டவணை மட்டும் கைல இருந்தா, கிரிவலப் பாதை மலைமேல இருக்குன்னு படிப்பாங்க. நீங்க பதினோரு வருசமா பாறைமேல ஏறிப் போனீங்கன்னு சொல்லுவாங்க. நீங்க ஏறினீங்களா சார்?"

புகழேந்தி திரையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். அருவா ஏரியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நீல அரிவாளையும், உள்ளே மேட்டில் இருந்த சிவப்புப் புள்ளியையும், மாடியில் இருந்த வெள்ளைக் கோடுகளையும் பார்த்தார்.

"இது இன்னா வெள்ளையா?"

"பெட்ஷீட்டு சார்" என்றார் தனம் அக்கா. அறைக்குள் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. "நான் காய வச்சது. ஏரி நடுவுல யாராச்சும் துணி காய வைப்பாங்களா?"

அவர் சிரிக்கவில்லை, ஆனால் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா எனக்குப் புரிஞ்சா போதாது. வாய்ல சொன்னத வச்சு நோட்டீச ரத்து பண்ண முடியாது. அந்த ஃபைலச் செஞ்சவங்க, இதுல தப்பு இருக்கு, இன்ன காரணத்தால தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நான் நேர்ல போய்ப் பாத்துட்டு ரத்து பண்ணுவேன். யோசிச்சுக்குங்கம்மா. இது ரெக்கார்டுல ஏறும். நாளைக்கு உங்களுக்கு வேலை குடுக்கறவங்க அதப் படிப்பாங்க."

மூணு ஜில்லா ஞாபகம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. பல மாதக் கடை வாடகை அது. தனம் அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்த்தால் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று. அந்த நாகரிகம் எனக்கு எதையும்விட உறைத்தது.

"பேப்பர் குடுங்க சார்" என்றேன்.

எழுதினேன். அறுநூற்றுப் பன்னிரண்டில் இருபத்து மூன்று வரிகள் தவறு, வரிசை எண்கள் இவை, இவற்றால் நோட்டீஸ் பெற்ற வீடுகள் ஆறு, அவர்கள்மேல் குற்றம் எதுவும் இல்லை, பிழை என்னுடையது. கீழே ரூபீனா என்று கையெழுத்துப் போட்டேன்.

புகழேந்தி படித்துப் பார்த்து, "ஆறு வீடா? இவங்க ஒருத்தருக்காகத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன்" என்றார். அதற்கப்புறம் அவர் பேச்சில் 'நீங்க' கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. திருத்திய கோப்பை வாங்கிக்கொண்டு அதன் பெயரைப் பார்த்தார். "இதுலயும் பேர் போட்டிருக்கீங்களே. எடுத்துட்டா அடுத்த தடவ யாரும் உங்களத் தேடி வர மாட்டாங்க."

"இருக்கட்டும் சார்."

அன்று மதியமே அவர் அருவா ஏரிக்குப் போனார் என்று தனம் அக்கா போனில் சொன்னார். கரையோரமாக முழுக்க நடந்தாராம். கடைசியில் அக்கா வீட்டு வாசலில் நின்று, இங்கேயிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம் என்று அவரே அடி வைத்து அளந்தாராம். மோர் கொடுத்தால் குடிக்கவில்லையாம்.

வியாழக்கிழமை செழியனிடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது. அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டாராம். சரி என்று பதில் போட்டேன். அந்த வேறு ஆளுக்கு நடுப்புள்ளியின் சங்கதி தெரியுமா என்று ஒரு கவலை வந்தது. அதனால் இன்னொரு செய்தியும் போட்டேன்: புள்ளி ஏரிக்குள் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு பதில் இல்லை, ஆனால் படித்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. அப்புறம் ஏணியைப் போட்டு ஏறி, பலகையில் "ஒரு புள்ளிகூட மாறாது" என்று முடிகிற சிவப்பு வரி முழுவதையும் தின்னர் போட்டுத் துடைத்தேன். சிட்டி டிஜிட்டல்சுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை மட்டும் மிஞ்சியது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தனம் அக்கா வந்தார். வண்டியை இந்த முறை ஒழுங்காக ஓரத்தில் நிறுத்தியிருந்தார். பின்சீட்டில் பெட்ஷீட் மூட்டை.

"ரெண்டு காப்பி போடு" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

நோட்டீஸ் ரத்து ஆணை. கட்டடங்கள் நீர்நிலைகளுக்கு வெளியே அமைந்திருப்பது நேரில் ஆய்வு செய்து உறுதிசெய்யப்பட்டது. ஆறு பெயர்கள், ஆறு கதவு எண்கள்; வியாழக்கிழமை மற்ற மூன்று ஏரிகளுக்கும் போயிருக்கிறார். அடியில் பொடி எழுத்தில்: ஆதாரக் கோப்பு: ஏரிகள், திருத்தம், ரூபீனா. வரிசை எண் 417, கூடவே இன்னும் மூன்று எண்கள். நான் சட்டத்தை மீறி முழுக்கப் படித்தேன், இரண்டு முறை.

அக்காவும் விரலை வைத்து அந்த அடிவரியைப் படித்தார். "இதுலயும் உம் பேரு போட்டுக்கினியா?"

"ஆமாக்கா. ஆபீசரு எடுத்துடச் சொன்னாரு. எடுக்கல."

"எடுக்காத" என்றார். "அன்னிக்கு நோட்டீசு வந்தப்போ யாரப் போய்க் கேக்கறதுன்னே எனக்குத் தெரியல. ஆபீசுல கேட்டா கம்ப்யூட்டரு சொல்லுதுன்றாங்க. கம்ப்யூட்டர நான் எங்க போய்க் கண்டேன்? அடில உம் பேரு இருந்துச்சு, நீயே பாத்துச் சொன்ன, உன்னப் புடிச்சுக் கத்தினேன். வூடு நின்னுச்சு. மத்த அஞ்சு பேரும் யாருகிட்ட போய்க் கத்துவாங்க, சொல்லு?"

வெளியே போனவர் பலகையை அண்ணாந்து பார்த்து நின்றார். "இன்னாடி இது, மொட்டையா கீது? நடுவுல வெள்ளையா?"

"அந்த வரிய அழிச்சுட்டேன்க்கா."

"நல்லதுதான். அந்த எடத்துல உம் பேர எழுது. கொட்ட எழுத்துல எழுது, ரோட்டுலேர்ந்து தெரியணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பெட்ஷீட் மூட்டை கலெக்டர் ஆபீஸ் திருப்பம் வரை தெரிந்தது. நான் உள்ளே போய் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.